'கூலி' என்று எழுதினால் போதுமா?

எனது அரிசி ஆலையில் பதினொரு வருடங்கள் வேலை செய்த ஒருவர் இருமலும் மூச்சுத் திணறலும் தாங்காமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். மூன்று வருடங்களாக அவர் மருந்து எடுத்து வந்த கிளினிக் கொப்பியை என்னிடம் காட்டினார். பெயர், வயது, விலாசம், மாத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்ற ஒரு சொல் மட்டுமே. நாள் முழுதும் உமித் தூசுக்குள் நிற்பவர் என்பது எங்கும் இல்லை.

பின்னர் வேறொரு வைத்தியர் அவரிடம் கேட்டார்: "எங்க வேலை செய்றீங்க? வெள்ளிக்கிழமை மில் பூட்டினா இருமல் குறையுதா?" "குறையுது டொக்டர்" என்றார். மூன்று வருடம் பிடிபடாத விடயம் மூன்று நிமிடத்தில் பிடிபட்டது. இது புதிய கேள்வியல்ல. இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி 1700 ஆம் ஆண்டிலேயே நோயாளியின் தொழிலைக் கேளுங்கள் என்று தனது நூலில் வலியுறுத்தினார்.

இன்று எமது அரசாங்க வைத்தியசாலைகள் கொப்பியிலிருந்து கணினிக்கு மாறிவருகின்றன. அதிலும் 'கூலி', 'வியாபாரம்', 'வீட்டுப் பணி' என்றே ஏற்றினால் பழைய குறை புதிய பெட்டிக்குள் போகும், அவ்வளவுதான். மருதமுனையில் வீட்டிலிருந்து கைத்தறிக்கு நூல் சுற்றும் பெண் 'வீட்டுப் பணி'. கல்முனை பஸாரில் கல்லாவில் இருப்பவரும் மாவு மில் நடத்துபவரும் 'வியாபாரம்'. இதை வைத்து வைத்தியர் எதை அறிவார்?

தொழில் தெரிந்தால் என்ன பயன் என்பதை வயலில் பாருங்கள். வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் வரும் என்று தெரிந்ததால்தான் சுகாதாரப் பகுதியினர் அவர்களுக்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கின்றனர். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 2000 ஆம் ஆண்டில் எட்டுப் பேருக்கு அரிதான நுரையீரல் நோய் இருப்பது தெரியவந்தது. எட்டுப் பேரும் ஒரே பொப்கோர்ன் ஆலையில் வேலை செய்தவர்கள். அதைத் தொடர்ந்து தேடியபோதுதான் வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த பொருளில் கோளாறு இருப்பது தெரிந்தது. கணினி மருத்துவப் பதிவில் தொழில் விபரத்தையும் சேர்ப்பது பற்றி 2011 இல் அந்நாட்டு மருத்துவ நிறுவகம் தனி அறிக்கையே வெளியிட்டது.

இதைச் சொன்னால் நண்பர்கள் அஞ்சுகிறார்கள். "நம்மட மில்லுட பேர் ஏறினா நாளைக்கு கேஸ் வரும்" என்கிறார்கள். தொழிலால் வரும் சில நோய்களுக்கு நட்டஈடு கொடுக்கும் பொறுப்பை 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமே எம்மீது வைத்திருக்கிறது. பதிவு இல்லாததால் பொறுப்பு இல்லாமல் போகாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. எனது தொழிலாளி என்னிடம் வருமுன் நான்கு வருடம் சவூதியில் கட்டட வேலையில் கல்லும் கொங்கிரீட்டும் வெட்டியவர். அந்த வரி பதிவில் இருந்தால்தான் எந்தத் தூசு எவ்வளவு கெடுத்தது என்று வைத்தியர் பிரித்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் முழுப் பழியும் கடைசி முதலாளி மீதுதான்.

ஆனால் ஒன்று. பதிவை வைத்தியர் பார்க்கலாம், முதலாளி பார்க்கக் கூடாது. நோயைக் கண்டு வேலையால் நிறுத்துவார்கள் என்று பயந்தால் எவரும் உண்மை சொல்லமாட்டார். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தரவை விசேட வகையிலேயே சேர்த்திருக்கிறது.

நான் கேட்பது நான்கு வரிகள்தான்: இப்போது செய்யும் வேலை, அது எந்தத் துறை, எத்தனை வருடம், முன்பு நீண்டகாலம் செய்த வேலை. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் எம்மைப் போன்ற வர்த்தகர்கள் பலர் இருக்கிறார்கள். கட்டிலுக்கும் மின்விசிறிக்கும் பணம் சேர்க்கும் நாம் இந்த நான்கு வரிகளையும் அங்கே கேட்கலாம். அதுவரை, தொழிலாளி கிளினிக்குக்குப் போகும்போது அவர் செய்யும் வேலையை ஒரு துண்டில் தெளிவாக எழுதிக் கொடுக்கலாம்.

அவர் போன பிறகுதான் எனது ஆலைக்குத் தூசு உறிஞ்சும் இயந்திரம் பூட்டினேன். அவர் திரும்பி வரவில்லை. எனது சம்பளப் புத்தகத்திலும் அவரது பெயருக்கு நேரே 'கூலி' என்றுதான் எழுதியிருந்தேன்.