டிரைவரை சஸ்பெண்ட் பண்ணிட்டா முடிஞ்சுதா?

2024 டிசம்பர் 31. மகாராஷ்டிராவில் நாக்பூர் பக்கத்தில் இருக்கும் உம்ரேட்-கர்ஹண்ட்லா சரணாலயம். வனத்துறை எஃப்2 என்று பேர் வச்சிருக்கிற ஒரு பெண் புலி, அஞ்சு குட்டிகளோட காட்டுப் பாதையில் வந்துச்சு. ரெண்டு பக்கமும் சஃபாரி ஜிப்ஸிகள் வரிசையா நின்னு மறிச்சதுல, முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. பாம்பே உயர் நீதிமன்றத்தோட நாக்பூர் அமர்வு தாமாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. டிரைவர்களும் கைடுகளும் சஸ்பெண்ட் ஆனாங்க, அபராதமும் விழுந்துச்சு.

சரியான நடவடிக்கைதான். ஆனா டிரைவர் யாருக்காக வண்டியைக் கொண்டுபோய் அங்க நிறுத்தினார்? பின் சீட்டுல ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னவங்களுக்காக. அதாவது நமக்காக.

ஜீப் சஃபாரியில் டிரைவருக்கும் கைடுக்கும் ஒரு ட்ரிப்புக்குக் கிடைக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. மேல வர்றது டிப்ஸ். புலி தெரிஞ்சா டிப்ஸ் தாராளம். தெரியலைன்னா "தேங்க்ஸ் அண்ணா"வோட சரி. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல படிச்ச ஃபீட்பேக் இதுதான் (அந்த பேப்பர்ல எனக்கு ஞாபகம் இருக்கிறதும் இது மட்டும்தான்). எதுக்கு காசு கொடுக்கிறோமோ அதைத்தான் சிஸ்டம் திருப்பித் தரும். தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்தோட 2012 வழிகாட்டு நெறிமுறை, விலங்குகிட்ட இருந்து 20 மீட்டருக்கு மேல தள்ளி நிக்கணும்னு சொல்லுது. நம்ம கிளாஸ்ரூமை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு நீளம். அந்த தூரத்துல நின்னா ஃபோன் கேமராவுல புலி ஒரு ஆரஞ்சு புள்ளி. ஸ்டோரி போட முடியாது.

2025 நவம்பர்ல கார்பெட் வழக்குல உச்ச நீதிமன்றம், புலிகள் காப்பக மையப் பகுதியின் சுற்றுலா மண்டலங்களில் மொபைல் கூடாதுன்னு சொல்லிடுச்சு. இரவு சுற்றுலாவுக்கும் தடை. "கேமராவை விட்டுட்டு ஃபோனை மட்டும் தடுத்து என்ன பிரயோஜனம்?"னு ஹாஸ்டல்ல ஒரு விவாதமே நடந்துச்சு. இருக்கு. கேமராவுல எடுத்த படம் வீட்டுக்குப் போற வரைக்கும் அதுக்குள்ளேயே இருக்கும். ஃபோன் அப்படியா? ஒரு கால் போனா போதும், காட்டுல இருக்கிற மத்த ஜிப்ஸி எல்லாம் அதே இடத்துக்கு வந்துடும். நல்ல கைடு காதால புலியைத் தேடுவார். கடமான் ஒரு மாதிரி குரல் கொடுக்கும், மரத்து மேல இருந்து லங்கூர் குரங்கு கத்தும், மண்ணுல காலடித் தடம் இருக்கும். வண்டியை ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிஷம் எல்லாரும் வாயை மூடிட்டு உட்கார்ந்திருக்கிறது இருக்கே, என்னைக் கேட்டா சஃபாரியில அதுதான் உருப்படியான நேரம். லொகேஷன் ஷேர் ஆகிற காட்டுல அதுக்கு வேலையே இல்ல.

நம்ம முதுமலைக்கு வருவோம். தெப்பக்காட்டுல வனத்துறை வேன்ல போயிட்டு வந்தவங்க ரிவ்யூ படிச்சுப் பாருங்க. "ஒன்லி மான், வேஸ்ட் ஆஃப் மணி", ஒரு ஸ்டார். காட்டுக்கு ரேட்டிங் போடற ஒரே உயிரினம் நாமதான். செந்நாய்க் கூட்டம் குறுக்க வந்தாக்கூட "அட, நாய்தானே"ன்னு ஃபோனைக் கீழ இறக்கிடறாங்க. உலகம் முழுக்க வளர்ந்த செந்நாய்கள் சுமார் 950-ல இருந்து 2,200-க்குள்ளதான் இருக்கும்னு ஐயூசிஎன் மதிப்பிடுது. புலி, 2022 கணக்கெடுப்புப்படி, இந்தியாவுல மட்டுமே 3,000-க்கு மேல. எது அபூர்வம்னு நீங்களே சொல்லுங்க.

காசு கொடுத்துட்டு புலி பார்க்க ஆசைப்படறதைத் தப்புன்னு சொல்ல வரல. எனக்கும் ஆசைதான். ஜீப்ல ஏறும்போதே "அண்ணா, புலி வந்தாலும் வரலைன்னாலும் டிப்ஸ் இவ்வளவு, கிட்ட போக வேண்டாம்"னு சொல்லிடுங்க. முடிஞ்சா அப்பவே கையில கொடுத்துடுங்க. அதுக்கப்புறம் அவர் ஏன் மத்த வண்டியோட முட்டி மோதணும்?

இந்த செமஸ்டர் ஐ.வி. ஊட்டி, மைசூர்னு பேச்சு அடிபடுது. பந்திப்பூர் ரோட்டை ராத்திரி 9 மணிக்கு மூடிடுவாங்க, அதனால டிரைவர் அவசரப்படுத்தினா திட்டாதீங்க. மசினகுடி பக்கம் யாராவது "தம்பி, நைட் சஃபாரி இருக்கு, புலி கியாரண்டி"ன்னு காதுல ஓதினா, அது சட்டப்படி கிடையாது. ரூமுக்குப் போய் தூங்குங்க.