வெளுத்ததெல்லாம் நல்ல பல் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள்.

"சார், கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு. பல்லை வெள்ளையாக்கிக்கலாமா?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் பெண்பிள்ளைகள். யாருக்கும் பல்லில் ஒரு நோயும் இல்லை. ஒரு பிள்ளையிடம் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பல்லு கொஞ்சம் மஞ்சளா இருக்கே" என்றாராம். அவர் வெற்றிலை போடுகிறவராம். அவர் பல்லை யாரும் கேட்கவில்லை!

நான் பல் டாக்டர் இல்லை. முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவன். வகுப்பில் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். பல்லின் மேலே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். அதற்குக் கீழே இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேயும், மஞ்சள் கூடுதலாகத் தெரியும். அது நோயும் இல்லை, அழுக்கும் இல்லை. ஆனால் பழங்காநத்தத்திலிருந்து காளவாசல் வரை பைபாஸ் ரோட்டில் போய்ப் பாருங்கள். விளம்பரப் பலகைகளில் சிரிக்கிற பற்கள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கின்றன. அப்படிப் பல்லோடு யாரும் பிறப்பதில்லை.

பல் வெளுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. முறையாகச் செய்தால் பாதுகாப்பானதுதான். என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன். கிளினிக்கில் முதலில் சொத்தை, ஈறு வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலருக்குக் காரை எடுத்துச் சுத்தம் செய்தாலே டீக்கறை, வெற்றிலைக்கறை போய்விடும். அதற்கு மேலும் வேண்டுமானால் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசுவார்கள். கிளினிக்கில் பூசுவது பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். ஈறில் பட்டால் புண்ணாகும். அதனால் ஈறை மூடிவிட்டுத்தான் பூச வேண்டும். வீட்டில் இரவில் மாட்டிக்கொள்ள அச்செடுத்த டிரேயும், 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லும் தருவது இன்னொரு முறை. இது மெதுவாக, இரண்டு மூன்று வாரத்தில் வேலை செய்யும். நீல விளக்கு வைத்தால் தனிப்பலன் என்பதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது. அதற்காகக் கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள்.

செய்த பிறகு சில நாள் பல் கூசும். ஐஸ்கிரீம், ஜிகர்தண்டா பக்கம் போக முடியாது. அன்றைக்குத் தெரியும் வெள்ளை அப்படியே நிற்காது. பல்லில் ஈரம் வற்றியதால் வந்த வெளுப்பு சில நாளில் அடங்கிவிடும். மிச்ச வெள்ளையும் நிரந்தரம் இல்லை. காப்பி, டீ, புகையிலை பழக்கத்தைப் பொறுத்து சில மாதமோ, ஓரிரு வருஷமோதான். முக்கியமானது இது: கேப் போட்ட பல்லும் அடைத்த பல்லும் வெளுக்காது. முன்பல்லில் கேப் இருந்தால் சுற்றியிருப்பது வெளுத்து, அது மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். கல்யாண ஆல்பம் முழுக்க அது தெரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் சம்பந்தம் செய்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் சிலருக்குப் பல்லில் பழுப்புப் பட்டை இருக்கும். சின்ன வயதில் குடித்த நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், அவ்வளவுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கொடுமைக்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013இல் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இந்தப் பட்டையை வெறும் வெளுப்பு முழுசாக எடுக்காது. சிலருக்கு வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். வேறு சிகிச்சை இருக்கிறது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். தண்ணீர் செய்த குற்றத்துக்குப் பெண்ணைத் தட்டிக்கழிப்பவர்களை என்னவென்று சொல்ல?

அழகு நிலையங்களின் "மணப்பெண் பேக்கேஜ்" பற்றித்தான் என் முக்கியக் கோபம். புருவம் திருத்துகிற கை பல்லில் பெராக்சைடு பூசலாமா? பதிவு பெறாதவர் பல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று நம் நாட்டில் 1948லேயே சட்டம் வந்துவிட்டது. பல் வெளுப்பதும் பல் மருத்துவமே என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் 18 வயதுக்குக் கீழே இதைச் செய்யக் கூடாது. இங்கே பத்தாவது படிக்கும் பிள்ளைக்கும் ஆன்லைனில் கிட் வந்து இறங்குகிறது.

எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்க்கிற வீடியோக்களை எனக்கு அனுப்பாதீர்கள். அமிலம் எனாமலைக் கரைக்கும். போன எனாமல் திரும்ப வளராது. உமிக்கரியும் அப்படித்தான், தேய்த்துத் தேய்த்து உள்ளே இருக்கும் மஞ்சளைத்தான் வெளியே காட்டும்.

போவதென்று முடிவு செய்தால் நான்கு கேள்வி கேளுங்கள். என் பல்லின் கறைக்கு என்ன காரணம்? என்ன மருந்து, எத்தனை சதவீதம்? எத்தனை ஷேடு மாறும்? அடைத்த பல்லை என்ன செய்வது? ஷேடு அட்டையைப் பல்லோடு வைத்துக் காட்டி, பதில் சொல்கிறவரிடம் செய்துகொள்ளுங்கள். "முத்து மாதிரி ஆக்கிடலாம்மா" என்று மட்டும் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் போகாதீர்கள். இரண்டு மூன்று மாதம் முன்னால் போங்கள். வெளுத்த பிறகு புது அடைப்பு வைக்கவே இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பார்க்கப் போனால் பெண்ணைப் பாருங்கள். மாட்டுச் சந்தையில்தான் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.