புதிய பேட்டரி வாங்குமுன்



தில்லியில் ஜனவரி மாத விடியற்காலை எப்படியிருக்கும் என்று அங்கு பிழைக்கச் சென்றவர்களுக்குத் தெரியும். அப்படியொரு காலையில், வீடுவீடாகப் பார்சல் கொண்டுசேர்க்கும் வாலிப சகோதரர் ஒருவர் தமது மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என் வாசலுக்கு வந்தார். செல்ஃப் பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்ற ஒலி மாத்திரமே கேட்டது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் புதிய பேட்டரி போட்டிருந்தார். "இதுவும் போய்விட்டது, வேறு வாங்கச் சொல்லுகிறார்கள், ஐயா" என்றார். வண்டி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும்.

மின்சாரம் தீர்ந்துபோன பேட்டரி வேறு, பழுதான பேட்டரி வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணியே அநேகர் பணத்தை இழக்கிறார்கள்.

முதலாவது ஒலியைக் கவனியுங்கள். என்ஜின் நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லையென்றால் குற்றம் பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. கில் சுவிட்ச், பெட்ரோல், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பாருங்கள். (கில் சுவிட்சை அணைத்துவிட்டு அரைமணி நேரம் வியர்த்தவர்களில் நானும் ஒருவன்.) ஒலியும் இல்லை, விளக்கும் இல்லையென்றால் ஃபியூசையும் டெர்மினல் திருகுகளையும் சோதியுங்கள். 'டிக்' என்று கேட்டு விளக்கு மங்கினால், மின்சாரம் போதவில்லை என்று பொருள். டெர்மினலில் வெண்மையோ பச்சையோ பூத்திருந்தால் சுத்தம்செய்து இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

சகோதரரின் வண்டியில் டெர்மினல்கள் சுத்தமாகவே இருந்தன. ஆகவே மல்டிமீட்டரை எடுத்தோம். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.6 அல்லது அதற்கு மேல் காட்டவேண்டும். அவருடையது 11.8 காட்டியது, அதாவது, ஏறக்குறைய காலி. குளிரும் தன் பங்கைச் செய்கிறது: பேட்டரியின் வேதிவினை மந்தமாகிறது, என்ஜின் ஆயிலும் தடித்துப்போகிறது.

சார்ஜ் ஏற்றி மறுநாள் வண்டியைக் கிளப்பினோம். பொத்தானை அழுத்துகையில் வோல்டேஜ் 10-க்குக் கீழே இறங்கவில்லை. ஆகையால் பேட்டரி குற்றமற்றது. பின்பு என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் ஆக்ஸிலேட்டரைச் சற்று முறுக்கினோம். 13.5 முதல் 14.5 வரை உயரவேண்டிய எண், 12.4-லேயே நின்றது! பேட்டரிக்கு வரவேண்டிய மின்சாரம் வரவேயில்லை. ரெகுலேட்டரின் இணைப்பில் ஒரு முனை கருகி உருகியிருந்தது. (அந்த எண் 15-ஐத் தாண்டினாலும் ரெகுலேட்டரையே சந்தேகிக்கவேண்டும், அப்போது பேட்டரி கொதித்துக் கெடும்.)

"தள்ளிக் கிளப்பினால் போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் அது நடக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் வெளியான பெரும்பாலான வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் உண்டு. பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் தேவை. முற்றிலும் காலியான பேட்டரியோடு தள்ளினால் கால்தான் வலிக்கும். காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கவும் வேண்டாம். ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து அது மெய்யாகவே கெட்டுப்போகும்.

ரெகுலேட்டரையும் இணைப்பையும் மாற்றியபின் மீட்டர் 14.2 காட்டியது. கடைக்காரர் 'போய்விட்டது' என்று சொன்ன அதே பேட்டரியோடு சகோதரர் அன்று பிற்பகலே வேலைக்குச் சென்றார்.