தேன்நாட்டின் தேனீ

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என்று மேடைதோறும் முழங்குகிறோம். பாடும் மீனைப் பற்றி எழுதித் தீர்த்தாயிற்று. பெயரின் மறுபாதியை எவரும் அதிகம் பேசுவதில்லை. தேன் என்பது வளத்துக்கு உவமை என்பார்கள் தமிழாசிரியர்கள். இருக்கட்டும். வாவிக்கரைப் பற்றைகளில் தொங்குவது உவமையன்று, கொம்புத்தேனீயின் கூடு.

இலங்கையின் இயற்கையான தேனீ இனங்கள் மூன்றினுள் இதுவே மிகச் சிறியது. உடல் ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டாது. வயிற்றின் முன்பாகம் செம்மண் நிறம். பின்பாகத்தில் கறுப்பும் வெள்ளையுமாய் வரிகள். மரப்பொந்தை நாடாது. நிழலடர்ந்த பற்றையில், ஆள் எட்டும் உயரத்திலேயே பெரும்பாலும், ஒரு கொப்பைச் சுற்றி உள்ளங்கையளவில் ஒற்றை அடை கட்டும். தேன் மேலே கொப்பைத் தழுவியிருக்கும், குஞ்சுகள் கீழே. கொப்பின் இருபுறமும் மரப்பிசினால் ஒட்டும் வளையமிட்டு முசுறுகளைத் தடுத்துவிடும். கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட முடவனை எள்ளி நகையாடும் பழமொழிக்காரர் இந்தக் கூட்டைப் பார்த்திருக்க மாட்டார் போலும்.

எட்டும் உயரமே அதற்கு எமனுமாகிறது. தீப்பந்தம் பிடித்து, அடையை முழுதாக வெட்டியெடுத்து, கிடைக்கும் கொஞ்சத் தேனுக்காகக் குஞ்சுகள் அத்தனையையும் அழிப்பது நம் வழக்கம். ஓமான் நாட்டவர் இதே தேனீயை வேறுவிதமாக நடத்துகின்றனர். தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு, குஞ்சடையைப் பிளந்த குச்சிகளுக்கிடையே பொருத்தி மீண்டும் தொங்கவிடுகின்றனர். குடும்பம் பிழைத்துக்கொள்கிறது, மறுமுறையும் தேன் கிடைக்கிறது. இதற்குப் பெட்டியும் வேண்டாம், கடனும் வேண்டாம். வாழ்வாதாரத் திட்டமென்று கருத்தரங்கு நடத்துவோர் படுவான்கரை இளைஞர்களுக்கு இதைக் கற்பித்தால் என்ன?

அதற்கு முதலில் பற்றை இருக்கவேண்டும். போர்க்காலத்தில் பாதுகாப்பைக் காரணங்காட்டி வாவிக்கரைக் கண்டல்கள் வெட்டப்பட்டன. 2015இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் நமது அக்கறை கண்டலோடு நின்றுவிடுகிறது. அதன் பின்னே மேட்டுநிலத்தில் நிற்கும் முட்பற்றை எவர் கணக்கிலும் காடு அல்ல. 'துப்புரவு' செய்யவேண்டிய குப்பை. சிரமதானம் என்றாலே முதலில் கத்தி விழுவது அதன்மேல்தான். அந்தப் பற்றையிலிருந்து புறப்படும் தேனீதான் அயல் தோட்டத்து எள்ளுக்கும் வெள்ளரிக்கும் மகரந்தம் கொண்டுசெல்கிறது. வேலியோரத்தில் நாலு முழப் பற்றையை விட்டுவைப்பதால் எந்தத் தோட்டக்காரரும் ஏழையாகிவிட மாட்டார். பிரதேச சபைகள் அடுத்த சிரமதானத்துக்கு நாள் குறிக்குமுன், எந்தப் பற்றையில் கூடு தொங்குகிறதென்று ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் செய்யட்டும்.