வீட்டு வரி நோட்டீஸ் வந்தால் முதலில் அளவைப் பாருங்கள்

அடங்கல், சிட்டா, பட்டா என்றால் நம் விவசாயிகள் ஒரு எழுத்துப் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டு வரி ரசீதை மட்டும் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் செருகி வைத்துவிடுகிறோம். இந்த இதழுக்கு வந்த மூன்று கடிதங்களும் அந்த ரசீதைப் பற்றியவை. எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரை விட்டிருக்கிறோம்.

“எங்க மாமனார் கட்டின ஓட்டு வீடு. மாமனாரும் போயி, எங்க வீட்டுக்காரரும் போயி நாலு வருசமாச்சு. வரி ரசீது இப்ப கொழுந்தனார் பேருல வருது. ‘ரசீது எம்பேருல இருக்கு, வீடும் எனக்குத்தான்’னு சொல்றார். ரெண்டு புள்ளைகளோட நான் எங்க போறது? இன்னொண்ணு, வீடு சின்னதுதான். 2022-ல் வரி பாதிக்குப் பாதி ஏறிடுச்சு. அது சரியா?”
– ஒரு வாசகி, சேந்தமங்கலம் வட்டம்

அம்மா, முதலில் தைரியமாக இருங்கள். வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. யாரிடம் வரி வசூலிப்பது என்பதற்காக உள்ளாட்சி அலுவலகம் வைத்திருக்கும் பதிவேடு அது. வீடு யாருக்குச் சொந்தம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தப் பதிவேட்டுக்கு இல்லை. பத்து வருடம் ஒருவர் பெயரில் ரசீது வந்தாலும், மற்ற வாரிசுகளின் பங்கு அதனால் மட்டும் போய்விடாது.

உங்கள் மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. உங்கள் கணவருக்கு வரவேண்டிய பங்கு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும், மாமியார் இருந்தால் அவருக்கும் வரும். கணவர் மாமனாருக்கு முன்பே இறந்திருந்தாலும், இறந்த மகனின் மனைவி, மக்கள் என்ற முறையில் உங்களுக்குப் பங்கு உண்டு. நாத்தனார்கள் இருந்தால் அவர்களையும் மறந்துவிடாதீர்கள். மகள்களுக்கும் சம பங்குதான்.

செய்யவேண்டியது இதுதான். மாமனார், கணவர் இருவரின் இறப்புச் சான்றிதழையும் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்தின் மூலம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அதன் நகலை வைத்து, “எல்லா வாரிசுகளின் சம்மதமும் இல்லாமல் இந்த வீட்டின் வரிப் பெயரை மாற்றக் கூடாது, முன்பு மாற்றியது எந்த ஆவணத்தின் பேரில் என்று தெரிவிக்கவும்” என்று பேரூராட்சி செயல் அலுவலருக்கு மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளாமல் வீடு திரும்பாதீர்கள்.

கொழுந்தனாரோடு உட்கார்ந்து பேசிப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்துகொள்வதுதான் நல்ல வழி. பேச்சு நடக்கவில்லை என்றால் நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ம் ஆண்டு சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

இனி வரி ஏறிய கணக்கு. சென்னை தவிர்த்த மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் 2008-க்குப் பிறகு சொத்து வரி உயராமலே இருந்தது. 2018-ல் உயர்த்தியதையும் 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில்தான் மறுபடி உயர்த்தினார்கள். ஒன்றிய நிதிக்குழு மானியம் வேண்டுமானால் சொத்து வரியை முறைப்படுத்த வேண்டும் என்று 15-வது நிதிக்குழு விதித்த நிபந்தனை அதற்கு ஒரு காரணம். குடியிருப்புகளுக்கு, ஏற்கெனவே கட்டிவந்த வரியின் மேல் ஏற்றிய விகிதம் இது:

600 சதுர அடி வரை 25 சதவிகிதம்.
601 முதல் 1,200 வரை 50 சதவிகிதம்.
1,201 முதல் 1,800 வரை 75 சதவிகிதம்.
1,800-க்கு மேல் 100 சதவிகிதம்.

உங்கள் கடிதத்தில் வீடு 29 அடிக்கு 20 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். 580 சதுர அடி. அதற்கு 25 சதவிகிதம்தான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய நகலில் 900 சதுர அடி என்று இருக்கிறது. பின்பக்கத்து மாட்டுக் கொட்டகை 20-க்கு 16, அதாவது 320. இரண்டையும் கூட்டினால் சரியாக 900! குடியிருப்போடு கொட்டகையையும் சேர்த்து எழுதியதால்தான் 50 சதவிகிதப் படிக்குப் போயிருக்கிறது என்று தோன்றுகிறது.

அரையாண்டுக்கு 320 ரூபாய் இருந்தது 400 ஆகியிருக்க வேண்டும், 480 ஆகியிருக்கிறது. வருடத்துக்கு 160 ரூபாய் வித்தியாசம். சிறு தொகைதானே என்று விட்டால், அடுத்தடுத்த உயர்வெல்லாம் இந்த 480-ன் மேல்தான் ஏறும். ஆகவே வீட்டையும் கொட்டகையையும் தனித்தனியாக அளந்து, கையால் ஒரு வரைபடம் போட்டு, போட்டோவோடு மறு அளவீடு கேட்டு எழுதுங்கள். மனு நிலுவையில் இருக்கிறது என்று வரியை நிறுத்திவிடக் கூடாது. கேட்ட வரியைக் கட்டியிருந்தால்தான் மேல்முறையீட்டை விசாரிப்பார்கள் என்பது உள்ளாட்சிச் சட்டங்களில் நெடுங்காலமாக உள்ள விதி. கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

அளவு கேட்பது நமக்குப் புதிதல்ல. 1792-ல் இந்தச் சேலம் சீமை கும்பெனியார் கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து தீர்வை போட்டது இந்தப் பக்கத்தில்தான். அன்றிலிருந்து சங்கிலி பிடித்தவரிடம் ‘எத்தனை அடி’ என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். வீட்டுக்கும் கேட்போம்.

“எங்கள் ஊராட்சியை நாமக்கல் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். சோளக்காட்டுக்கும் காலிமனை வரி போடுவார்களா?”
– ஒரு வாசகர், நாமக்கல்

நாமக்கல் நகராட்சி, சுற்றியுள்ள 12 ஊராட்சிகளோடு சேர்த்து 2024-ல் மாநகராட்சி ஆனது. காலிமனை வரி என்பது கட்டடம் இல்லாமல் கிடக்கும் மனைக்கான வரி. உழவு நடக்கும் காட்டுக்கானது அல்ல. ஆனால் ‘உழவு நடக்கிறது’ என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் போதாது. அடங்கலில் பயிர் ஏறியிருக்க வேண்டும். மழை இல்லை என்று தரிசு போட்டாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அதைச் சரியாகப் பதியச் செய்யுங்கள். மனையாகப் பிரித்து ஒரு சென்ட் விற்றாலும் அந்தத் துண்டின் கதை வேறு.

நீங்கள் கவலைப்பட வேண்டியது இன்னொன்று. ஊராட்சியாக இருந்தவரை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபையில் எழுந்து நின்று வரவு செலவு கேட்க முடிந்தது. நூறு நாள் வேலையும் ஊராட்சிக்கானது. அதனால்தான் இணைப்பு என்றதும் ஊர் ஊராக மனு கொடுத்தார்கள். சாலை, குடிநீர், சாக்கடை வசதி வரும் என்பது எதிர்த்தட்டில் இருக்கிறது. அது உங்கள் தெருவுக்கு வந்ததா என்று கேட்க, இனி உங்கள் வார்டு உறுப்பினரைத்தான் பிடிக்க வேண்டும்.

“வரி கட்டுகிறோம், பணம் எங்கே போகிறது?”
– ஒரு வாசகர், காளப்பநாயக்கன்பட்டி

ஒரு பேரூராட்சி சொத்து வரியை மட்டும் வைத்து நடப்பதில்லை. தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை ஆகியவை சொந்த வருமானம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவிகிதம் எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரித்துத் தரப்படுகிறது. இதுபோக ஒன்றிய நிதிக்குழு மானியம். செலவில் பெரும்பகுதி சம்பளம், துப்புரவு, தெருவிளக்கு, தண்ணீர் மோட்டாருக்கான மின்கட்டணம். நீங்கள் கட்டும் தொகையில் நூலக வரியும் இருக்கிறது. சொத்து வரி ரூபாய்க்கு 10 பைசா. அது ஊர் நூலகங்களுக்கான பணம்.

விவரம் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மூன்று ஆவணங்களைக் கேளுங்கள்: இந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் கடைசி அறிக்கை, சொத்து வரியின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல். 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றாவது பட்டியலை நிதானமாகப் படியுங்கள். ஊரில் பாக்கி வைத்திருப்பது ஓட்டு வீடுகளா, பெரிய கட்டடங்களா என்று அதில் தெரிந்துவிடும்.

நாட்காட்டியில் குறித்துக்கொள்ள: அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும், அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவிகிதம் ஊக்கத்தொகை உண்டு, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவிகிதம் வட்டி. 600 ரூபாய் வரிக்கு 30 ரூபாய் மிச்சம். அரை லிட்டர் பால் காசுதான், ஆனாலும் நம் காசு.

கேள்விகளைத் தொடர்ந்து அனுப்புங்கள். ரசீதின் நகலையும், வீட்டை நீங்களே அளந்த அளவையும் மறக்காமல் இணையுங்கள்.