இரு நாழிகை அடிசில்

தமிழ் பயிலும் மாணவர் இலக்கியத்தையும் இலக்கணத்தையும் விடுத்து இறைச்சி உருண்டையைப் பற்றி எழுதப் புகுந்தனரே என்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பாரை யாம் வெறுத்திலேம். ஆயினும் அடுதற்றொழில் நம் புலவரால் இழித்துரைக்கப்பட்டதன்று. நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த உணவு, வீமன் செய்த நூலின் நெறி வழுவாது சமைக்கப்பட்டதென்பது சிறுபாணாற்றுப்படை கூறும் செய்தி. கரிகாலன் அளித்த விருந்தில் இரவும் பகலும் ஊன் தின்று, உழுத கொழுவைப்போலத் தன் பற்கள் தேய்ந்தன என்று பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் பெருமிதங் கொள்கின்றான். பல் தேயாமல் ஊன் உண்ணும் வழியன்றோ கொத்துக்கறி உருண்டை!

யாம் ஈண்டு எழுதத் துணிந்ததற்குக் காரணம் நாவின் சுவை மட்டுமன்று. இந்திய அரசினர் 2019-ஆம் ஆண்டில் நிகழ்த்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்டிர் அதில் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களைச் செலவிட்டனர். ஆடவர் 97 நிமிடங்களையே செலவிட்டனர். அவ்வேலையில் கைவைத்தாரோ, பெண்டிருள் நூற்றுக்கு 81 பேர். ஆடவருள் 26 பேர். நம் அன்னையருட் பலர் பகலெல்லாம் அலுவலகத்திலும் பள்ளியிலும் உழைத்து, அந்தியில் வீடு திரும்பி, கைப்பையை வைத்த கையோடு அடுப்பை மூட்டுகின்றனர். காலைக் குழம்பைச் சுடவைத்தல், அன்றேல் கைப்பேசி வழியே கடையுணவை வருவித்தல், இவ்விரண்டே அப்பொழுதிற்கு எளியன. இறைச்சி, ஆராதனை முடிந்து வரும் ஞாயிற்று நண்பகலுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிட்டது. துண்டங்கள் வேக நேரமாகும், விலையும் மிகுதி.

இவ்விரு குறைக்கும் கொத்துக்கறி மருந்தாகும். மதுரையிலும் செட்டிநாட்டிலும் புகழ்பெற்ற கோலா உருண்டையை யாவரும் அறிவர். கறியை மசாலையோடு வதக்கி, நீர் வற்றச் செய்து, அரைத்து உருட்டி, எண்ணெய் நிறைந்த சட்டியில் பொரித்தெடுப்பது விருந்து நாளின் முறை. வாரநாளில் அதனை மேற்கொள்வது மாலையைப் பலியிடுவதாகும். பச்சைக் கொத்துக்கறியையே நீர் ஒட்டப் பிழிந்து, சிறுக அரிந்த வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், சோம்பு, கொத்துமல்லித்தழை, உப்பு இவற்றோடு பொட்டுக்கடலை மாவு சிறிது சேர்த்துப் பிசைதல் போதும். உப்பும் பிசைதலும் கறியிலுள்ள புரதத்தைப் பசையாக்கி உருண்டையைக் கட்டிநிறுத்தும். ஆதலின் முட்டை வேண்டுவதில்லை. அளவுமீறிப் பிசைந்தாலோ உருண்டை இறுகிப் பந்தாகிவிடும்.

அகன்ற கலத்தில் வெங்காயமும் தக்காளியும் வதங்கியபின் மசாலைத்தூளும் நீரும் இட்டு, உருளைக்கிழங்கையும் காரட்டையும் முதலில் சேர்க்க. அவை அரைவேக்காடு ஆனதும், நெல்லிக்காயளவு உருண்டைகளைக் கொதிக்குங் குழம்பில் ஒவ்வொன்றாக விடுக. உடனே அகப்பையிட்டுத் துழாவலாகாது. மேற்புறம் இறுகும்வரை கலத்தைத் துணியாற் பற்றி மெல்ல அசைத்தலே முறை. பின்னர்ப் பச்சைப்பட்டாணியும் காலிபிளவரும் சேர்த்து மூடி, பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் சிறுதீயில் வைக்க. இறக்குமுன் ஓர் உருண்டையைப் பிளந்து, நடுவிற் செந்நிறம் இன்மையைக் கண்டுகொள்ளுதல் வேண்டும். முழுத்துண்டில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் புறத்தே தங்கும். கொத்தியதில் உள்ளெங்கும் பரவும். நடுப்பகுதி 71 பாகை செல்சியசு வெப்பம் எய்துதல் நன்று. சோறு மற்றோர் அடுப்பில் வெந்துகொண்டிருக்க, இரு நாழிகைக்குள் எல்லாம் முடிந்துவிடும். கால் கிலோக் கறி காயோடு சேர்ந்து நால்வர்க்குப் போதுமாதலின் விலைக்குறையும் நீங்குகின்றது.

பொரிக்காத கோலாவும் ஒரு கோலாவா என்று வினவும் பெரியோர் உளர். மொறுமொறுப்பு இதில் இல்லையென்பது உண்மையே. அது வேண்டுவோர் பணியாரச் சட்டியில் சில துளி எண்ணெய் விட்டுப் புரட்டி எடுக்கலாம். கறியையும் காயையும் ஒரு கலத்தில் இடுதல் அயல்நாட்டார் வழக்கம் என்பாரும் உளர். நம் ஆட்டுக்கறிக் குழம்பில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் மிதப்பதை அவர் கண்டதில்லை போலும்! அன்றியும் 'கோஃப்தா' என்னும் பெயரே இடித்தல் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லினின்று பிறந்தது. அம்மியும் உரலும் உள்ள எந்நாட்டிலும் இவ்வுணவு தோன்றுவதில் வியப்பென்னை?

காய் சேர்ப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. 2019-21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 அகவை வரையுள்ள இந்தியப் பெண்டிருள் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையராகக் காணப்பட்டனர். இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதிற் சேர்வது. உடன் உண்ணும் காயிலுள்ள இரும்பையும் சேரச் செய்வது. அத்தகைய உணவை ஞாயிறுதோறும் ஆடவர் தட்டில் முதலிற் குவித்து, எஞ்சிய குழம்பை அன்னையர் உண்ணும் வழக்கம் பல இல்லங்களில் இன்னும் நிலவுகின்றது. உருண்டைகளை எண்ணிப் பகிரலாம் என்பதும் அவற்றின் சிறப்புக்களுள் ஒன்றென யாம் கருதுகின்றேம்.

விடுதி உணவைக் குறைகூறுவதில் நம் மாணவ அன்பர்க்கு இணையாவார் இலர். விடுமுறையில் வீடு செல்லும் அவர்கள் வாரத்தில் ஒருநாளேனும் இவ்வடிசிலைத் தாமே ஆக்கலாகாதா? உருட்டுதற்குத் தங்கை தம்பியர் கைகள் உண்டு. உருண்டையின் அளவு சற்றே வேறுபட்டாற் கேடில்லை. கலம் துலக்குதலும் முற்கூறிய 299 நிமிடங்களுள் அடங்கியதே. ஒரு கலச் சமையலாதலின் துலக்கவேண்டியது அக்கலமும் சோற்றுப் பானையும் தட்டுக்களுமே. அதனையும் சமைத்தவரே செய்க.