பசுமையாக வாழ எதையும் வாங்க வேண்டாம்!

மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, ‘ஆர்கானிக்’ துணிப்பை, கண்ணாடி டப்பா செட்... பச்சை இலைப் படம் போட்டு விற்கிற பொருள்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. இவற்றை வாங்கினாலே பூமியைக் காப்பாற்றிவிடலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆனால், நன்றாக இருக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாகக் கண்ணாடி டப்பா வாங்குவதில் பசுமை எங்கே இருக்கிறது? அது இன்னொரு ஷாப்பிங், அவ்வளவுதான்!

வீட்டில் பசுமையாக வாழ்வது என்றால் முதலில் குறைவாக வாங்குவது. வாங்கியதைக் கடைசிவரை பயன்படுத்துவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மஞ்சப்பை சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டில் 14 வகையான ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் துணிப்பை தானாகவே பசுமையாகிவிடாது. பருத்தி விளைவிக்கத் தண்ணீர், உரம், நெய்யவும் தைக்கவும் மின்சாரம் எல்லாம் தேவை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கேரிபேக்கைவிடப் புவி வெப்பமாதலில் துணிப்பையின் பங்கு குறைய வேண்டும் என்றால், அதை 131 முறை பயன்படுத்த வேண்டும்.

நம்ம ஊர் வீடுகளில் துணிப்பைக்கா பஞ்சம்? கல்யாணத் தாம்பூலப் பைகளும் ஜவுளிக்கடைப் பைகளும் எல்லா வீட்டிலும் குவிந்து கிடக்கின்றன. புதுசு வேண்டாம். வண்டி பெட்டியில் ஒன்று, அலுவலகப் பையில் ஒன்று, வாசல் ஆணியில் ஒன்று என்று மாட்டிவைத்தாலே போதும். பை இல்லாததால் அல்ல, எடுத்துப்போக மறப்பதால்தான் கேரிபேக் வீட்டுக்குள் வருகிறது.

மின்சாரம்: மேலே சுற்றுவதைப் பாருங்கள்

போன் சார்ஜரைப் பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் மின்கட்டணத்தை ஏற்றுவது அது இல்லை. நம்ம வீடுகளில் நாள் முழுக்க ஓடுவது மின்விசிறி. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். அதே நேரம் ஓடும் பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்தான் எடுக்கும். அதாவது 27 யூனிட். ஒரு ஃபேனில் மட்டும் 40 யூனிட் மிச்சம்!

‘வாங்காதே என்று சொல்லிவிட்டு இப்போது வாங்கச் சொல்கிறீர்களே’ என்று கேட்கலாம். வீட்டில் உள்ள எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அதிக நேரம் ஓடுகிற ஹால் ஃபேனோ, படுக்கையறை ஃபேனோ பழுதாகும்போது, அந்த இடத்துக்கு மட்டும் பிஎல்டிசி வாங்கினால் போதும். விருந்தாளி அறையில் எப்போதாவது சுற்றுகிற ஃபேன் அப்படியே இருக்கட்டும்.

ஏசி இருக்கிற வீடு என்றால், எரிசக்தித் திறன் செயலகம் சொல்வது எளிய கணக்கு: வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம். 20இல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுவதைவிட, 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடலாம்.

இதெல்லாம் பணக் கணக்கு மட்டும் இல்லை. நாம் போடுகிற சுவிட்சின் மறுமுனையில் எண்ணூர் போன்ற ஊர்களும் இருக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆற்றை நம்பி மீன் பிடிக்கிறவர்களுக்கு, நம் வீட்டு யூனிட்டின் விலை மின்கட்டண அட்டையில் இருப்பதைவிட அதிகம்.

தண்ணீர்: வெளியே போகும் மூன்று லிட்டர்

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தது சென்னை. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்ததும் அதே சென்னைதான். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. தொட்டி பல வீடுகளில் இருக்கிறது. அதற்குள் மண்ணும் இலையும் அடைத்துக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் மாடியைக் கூட்டி, வடிகட்டும் தொட்டியில் உள்ள மணலையும் ஜல்லியையும் அலசிப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அடுத்தது ஆர்.ஓ. இயந்திரம். ஒரு லிட்டர் குடிநீர் தர, பல வீட்டு இயந்திரங்கள் இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகின்றன. குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 15 லிட்டர் எடுக்கிற வீட்டில், 45 லிட்டர் வரை சாக்கடைக்குப் போகிறது. அந்தக் குழாயின் கீழே ஒரு பக்கெட் வைத்தால் வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். உப்பு அதிகம் என்பதால் செடிகளுக்கு மட்டும் தொடர்ந்து ஊற்ற வேண்டாம்.

அதற்கும் முன்னால், ஆர்.ஓ. தேவையா என்று ஒரு தடவை தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னது. பரிசோதனையில் வேறு குறையும் இல்லை என்றால், காய்ச்சி வடிகட்டிய தண்ணீரே போதும்.

சோறும் குப்பையும்

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 55 கிலோ உணவை வீணாக்குவதாக மதிப்பிடுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் 220 கிலோ. அந்த அரிசிக்குப் பாய்ச்சிய தண்ணீர், காய்கறி ஏற்றிவந்த லாரியின் டீசல், சமைத்த கேஸ் எல்லாம் சேர்ந்துதான் குப்பைக்குப் போகின்றன.

இதைத் தடுக்கப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். வார இறுதியில் ஆஃபர் பார்த்து மொத்தமாக வாங்குவதற்குப் பதில், இரண்டு நாளைக்கு வேண்டிய காய்கறியை உழவர் சந்தையிலோ தள்ளுவண்டியிலோ வாங்கலாம். ஃபிரிட்ஜில் பழையது முன்னாலும் புதியது பின்னாலும் இருக்கட்டும். மிஞ்சிய சோறு பழைய சோறாகட்டும். மிஞ்சிய இட்லி உப்புமாவாகட்டும்.

அப்படியும் தோலும் காம்பும் மிஞ்சும். ஈரக் குப்பை கிடங்கில் காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் உருவாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து, சுற்றுவட்டார மக்கள் மூச்சுத் திணறியதை மறந்திருக்க மாட்டோம்.

ஓட்டை போட்ட பழைய பக்கெட் இரண்டு இருந்தால் உரம் தயார் செய்யலாம். அடியில் காய்ந்த இலை, மேலே காய்கறிக் கழிவு, அதன்மேல் மறுபடியும் காய்ந்த இலையோ தென்னைநார்க் கழிவோ போட்டுக்கொண்டே வாருங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்; காய்ந்த இலையைக் கூட்டுங்கள். ஒன்று நிறைந்ததும் மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இரண்டு மாதத்தில் உரம் கிடைக்கும். இடமே இல்லை என்றால், ஈரத்தையும் உலர்ந்ததையும் பிரித்துக் கொடுக்கவாவது செய்யலாம். அப்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016இலேயே விதி வந்துவிட்டது.

இந்த வேலையெல்லாம் யார் செய்வது?

பசுமை வாழ்க்கை பற்றிய அறிவுரைகளில் பேசப்படாத விஷயம் இதுதான். குப்பையைப் பிரிப்பது, உரம் கிளறுவது, ஆர்.ஓ. பக்கெட்டைத் தூக்குவது, துணிப்பையைத் துவைப்பது... இவை எல்லாம் கடைசியில் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. ‘அந்தக் காலத்தில் அம்மியில் அரைத்தார்கள், கையால் துவைத்தார்கள்’ என்று பெருமை பேசுகிறவர்கள், அரைத்ததும் துவைத்ததும் யார் என்பதைச் சொல்வதில்லை. மிக்சியும் வாஷிங் மெஷினும் எதிரிகள் இல்லை. மெஷினை நிறையத் துணி சேர்ந்தபிறகு, சுடுதண்ணீர் இல்லாமல் ஓட்டி, கொடியில் காயவைத்தால் போதும்.

ஆகவே, ஒரு நிபந்தனை வைப்போம்: வீட்டில் புதிதாக எந்தப் பசுமைப் பழக்கம் வந்தாலும், அதன் வேலையை யார் செய்வது என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். உரத் தொட்டி அப்பாவுக்கு, ஆர்.ஓ. பக்கெட் பையனுக்கு என்று இருந்தால்தான் அந்தப் பழக்கம் ஆறு மாதம் தாண்டியும் நிற்கும்.

‘நான் ஒருத்தன் குறைத்தால் என்ன ஆகிவிடும், பெரிய ஆலைகள் அல்லவா மாசு செய்கின்றன?’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாம் பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே வண்டியில் கலந்து கொட்டினால், அது உள்ளாட்சியின் தவறு. பழுதான பொருளுக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றால், அது நிறுவனத்தின் தவறு. அதைக் கேட்கத்தான் வேண்டும். வீட்டில் பிரித்து வைத்திருக்கிறவர் வார்டு கவுன்சிலரிடம் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு வலு கூடுகிறது.

அடுத்த முறை பச்சை இலைப் படம் போட்ட பொருளைக் கையில் எடுக்கும்போது ஒன்று மட்டும் யோசியுங்கள்: இதே வேலையைச் செய்கிற பொருள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா? இருந்தால், எடுத்ததை அங்கேயே வைத்துவிடுங்கள்.